டைட்டிலில் பெயர் வராத ஊர்

தமிழ் சினிமாவுக்குப் பாலைவனம் தேவைப்பட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறிவிடும். 2000-இல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' அஜித்தையும் தபுவையும் எகிப்தின் பிரமிடுகளுக்கு முன்னால் நிறுத்தியது. 2009-இல் 'அயன்' நமீபியாவின் மணல்மேடுகளில் பாட்டு எடுத்தது. 2013-இல் 'மரியான்' அதே நமீபியாவுக்குப் போய், அதைச் சூடான் என்று சொல்லி, நம்மூர்க் கடலோடி ஒருவனை அங்கே தாகத்தோடு ஓடவிட்டது. உள்நாட்டிலேயே முடித்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு ஜெய்சல்மர் இருக்கிறது. செல்வராகவனின் 'ஆயிரத்தில் ஒருவன்' சோழர்களைத் தேடி மணலில் அலைந்தது அங்கேதான்.

மணல் இருந்தால்தான் பாலை என்று நம்மை நம்பவைத்ததே சினிமாதான் என்று எனக்குத் தோன்றும். பழந்தமிழ்ப் புலவர்கள் காட்டிய பாலையில் காய்ந்த குன்று உண்டு, வெடித்த நிலம் உண்டு, இலை உதிர்த்த மரம், வற்றிய சுனை, காலில் குத்தும் பரல்கல், வழிப்பறிக்காரன் எல்லாம் உண்டு. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் வதங்கித் தம் இயல்பு கெட்டால் அதுதான் பாலை என்பது சிலப்பதிகாரத்தின் கணக்கு. அதாவது வருஷத்தில் சில மாதம் மட்டும் பாலையாக இருந்துவிட்டு, மழை விழுந்ததும் பழையபடி ஆகிவிடும் நிலம். அதைப் பார்க்க விசா வேண்டாம். மே மாதத்தில் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஒகேனக்கல் வண்டி ஏறினால் போதும்.

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். இண்டூர் தாண்டியதும் வீடுகள் குறைந்து நிலம் விரிகிறது. கேழ்வரகு அறுத்த காட்டில் தாள்கூட மிச்சமில்லை, ஆடுகள் மேய்ந்து முடித்திருந்தன. புளியமரங்கள் மட்டும் பச்சை. இந்த மாவட்டத்துப் புளிக்கு வெளியிலும் நல்ல பெயர். வேறு எது பொய்த்தாலும் புளி கைவிடாது என்பார்கள். அந்த மரவரிசைக்குப் பின்னால் குன்றுகள். மண்ணும் மரமும் போர்த்திய குன்றுகள் அல்ல, மொட்டைப் பாறைகள். ஒரு பாறையின் தலையில் இன்னொரு பாறை, அது எப்படி உருளாமல் நிற்கிறது என்று யாரிடமாவது கேட்கத் தோன்றும் நிலையில். ஜன்னல் கம்பி தொட்டால் சுட்டது. பக்கத்து சீட்டுப் பெரியவர் பாட்டில் தண்ணீரில் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டார். "கத்திரி முடியற வரைக்கும் இப்பிடித்தான். நீங்க அருவிக்கா? தண்ணி கம்மியாத்தான் வருது, பாறையைப் பாத்துட்டு வரலாம்" என்றார். அவர் கேலியாகத்தான் சொன்னார். நான் போனது பாறையைப் பார்க்கத்தான்.

இந்தப் பாறைக் குன்றுகளுக்கும் உலகப் புகழ்பெற்ற பாலைவனம் ஒன்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1962-இல் வந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வின் இயக்குநர் டேவிட் லீன், ஜோர்டானின் வாடி ரம் பள்ளத்தாக்கை உலகத்துக்குக் காட்டியவர். செம்மணலிலிருந்து செங்குத்தாக எழும் மலைகளும் அவற்றின் அடியில் எறும்பளவு தெரியும் ஒட்டகக்காரனும் அந்தப் படத்துக்குப் பிறகுதான் எல்லோருக்கும் பழகிய காட்சிகள் ஆயின. அதே டேவிட் லீன் தன் கடைசிப் படமான 'எ பாசேஜ் டு இந்தியா'வை 1984-இல் வெளியிட்டபோது, பீகாரில் இருக்கும் குகைகளாகக் கதை சொல்லும் இடத்துக்கு அவர் தேர்ந்தெடுத்தவை பெங்களூரை அடுத்த சாவனதுர்காவும் ராமநகரமும். ராமநகரத்துப் பாறைகளில் அதற்கு முன்பே, 1975-இல், 'ஷோலே'யின் கப்பர் சிங் குடியேறியிருந்தான். அந்த வகைப் பாறைநிலம் மாநில எல்லையில் நின்றுவிடுவதில்லை. ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத் தருமபுரி வரை அதன் சாயல் தொடர்கிறது. பாலைவனத்தையே படமாக்கிப் பேரெடுத்தவர் நம் எல்லைக்கு அந்தப் பக்கம்வரை வந்து, மொட்டைப் பாறையின் மதிப்பைக் கண்டுகொண்டு போயிருக்கிறார்.

பென்னாகரத்தில் வண்டி டீக்கு நின்றது. அங்கிருந்து மடம் சோதனைச்சாவடி, பிறகு காடு. மலைப்பாதை இறங்கத் தொடங்கியதும் வெயிலின் நிறமே மாறுகிறது. உசிலையும் ஆச்சாவும் இலையைக் கொட்டிவிட்டு எலும்பும் தோலுமாக நின்றன. யானை கடக்கும் இடம் என்ற எச்சரிக்கைப் பலகைகளைத் தாண்டி, ஒரு வளைவில் கீழே பச்சைக் கோடு ஒன்று தெரிந்தது. காவிரியின் இரு கரையிலும் நிற்கும் நீர்மருத மரங்கள். பாலையின் நடுவே இப்படி ஒரு கோடு ஓடுவதுதான் இந்த இடத்தின் விசேஷம். கேமராக்காரர்கள் மயங்குவதும் இதற்குத்தான். ஒரே சட்டத்துக்குள் வறண்ட குன்று, கரும்பாறை, வெள்ளை நுரை, பச்சை மரம் நான்கும் கிடைக்கும்.

ஒகேனக்கலை இந்தியாவின் நயாகரா என்று எழுதாத சுற்றுலாக் கையேடு இல்லை. நயாகராவில் பரிசல் கிடையாது, பிடித்த மீனை அங்கேயே வறுத்துத் தர ஆளும் கிடையாது. ஒப்பிட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் அவர்கள் வந்து ஒப்பிட்டுக்கொள்ளட்டும். இங்கே ஒற்றை அருவி இல்லை. பாறைக்குள் புகுந்த காவிரி பல கிளையாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனக்கு ஒரு வழியை அறுத்துக்கொண்டு விழுகிறது. மெயின் அருவி, ஐந்தருவி, அதோடு சினி ஃபால்ஸ். ஆமாம், உள்ளூர்ப் பேச்சிலும் பேப்பரில் வரும் வெள்ளச் செய்தியிலும் அதன் பெயர் அதுதான். அருவிக்கே சினிமாவின் பெயரைச் சூட்டிக்கொண்ட ஊரில், எந்தப் படம், எந்த வருஷம், எந்தப் பாறை என்று சொல்லும் பலகை ஒன்றும் என் கண்ணில் படவில்லை. 'இங்கு குளிக்காதீர்கள், ஆழம்' என்ற எச்சரிக்கைகள் நிறைய உண்டு. அவை அவசியமானவை.

பரிசல்துறையில் ஒருவர் தன் பரிசலைக் கவிழ்த்துப்போட்டு அடிப்பக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய கூடு, அதற்கு வெளியே பிளாஸ்டிக் சாக்கு, அதன்மேல் தார். முன்காலத்தில் தோல் போர்த்துவார்களாம். வெயிலில் இளகிய தாரை விரலால் இழுத்து ஒரு கிழிசலை மூடினார். பிறகு பரிசலை அப்படியே தலையில் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு நடந்தார். ஆள் தெரியவில்லை, ஒரு வட்டம் இரண்டு காலோடு நடந்து போனது. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் போனேன்.

ஒற்றைத் துடுப்புதான். அதை முன்பக்கம் குத்தி இழுத்தால் பரிசல் நகர்கிறது, ஓரத்தில் ஒரு தள்ளு கொடுத்தால் சுழல்கிறது. இருபுறமும் கரும்பாறைச் சுவர். வெள்ளம் வந்த உயரம்வரை பாறை வழுவழுப்பாகவும் அதற்கு மேல் சொரசொரப்பாகவும் இருக்கிறது. அந்த எல்லைக்கோடு என் தலைக்கு மேலே எங்கோ உயரத்தில் இருந்தது. கல்லுக்குள் குடைந்த குழிகளில் கூழாங்கற்கள் சிறைப்பட்டுக் கிடந்தன. ஆறு அந்தக் கற்களைக் கொண்டேதான் குழியைக் கடைகிறது. இந்தப் பகுதியில் காணப்படும் கார்பனடைட் என்ற அபூர்வப் பாறைக்குச் சுமார் 240 கோடி வயது என்று கணித்திருக்கிறார்கள். வாடி ரம்மின் மணற்பாறைக்கு ஐம்பது கோடி ஆண்டு அளவில்தான் வயது. மூப்பில் யார் பெரியவர் என்று கேட்டால் தருமபுரி தாராளமாகக் காலை நீட்டி உட்காரலாம்.

படப்பிடிப்பு பற்றிக் கேட்டதும் பரிசல்காரர் முகம் மலர்ந்தது.

"எத்தனையோ வந்திருக்குது சார். மலையாளத்துக்காரங்க ஒண்ணு எடுத்தாங்க பாருங்க, வெள்ளத்துல மரம் மரமா மிதந்து வரும், மோகன்லால் எறங்கிப் புடிப்பாரு. அது இந்த ஆறுதான்."

"படம் பாத்தீங்களாண்ணா?"

"டிவில போட்டாங்க. ஆறு எங்களுது. பேசறதுதான் புரியல."

அவர் சொன்னது ஜோஷி இயக்கத்தில் 2005-இல் வந்த 'நரன்'. கதை நடப்பது முள்ளங்கொல்லி என்ற கற்பனை மலையாளக் கிராமத்தில். ஆற்று வெள்ளத்தில் மரம் பிடிக்கும் வேலாயுதன் கேரளத்துக்காரன். அவன் குதித்த ஆறு மட்டும் தருமபுரி மாவட்டத்தது. இதற்கு ஈடாக இன்னொரு கொடுக்கல் வாங்கலும் நடந்திருக்கிறது. வீரப்பன் கதையின் நிழலில் ஆர்.கே. செல்வமணி எடுத்து 1991-இல் வந்த 'கேப்டன் பிரபாகரன்' நம்முடைய எல்லைக்காட்டைப் பற்றிய படம். எடுத்தது கேரளத்துச் சாலக்குடிக் காட்டில். கேரளத்து ஆற்றுக்கு எங்கள் ஆறு நடித்தது, எங்கள் காட்டுக்குக் கேரளத்துக் காடு நடித்தது. கணக்கு நேர்.

இந்த வழக்கத்தில் மிகப் பிரபலமானது மணிரத்னத்தின் 'ரோஜா'. ஏ.ஆர். ரஹ்மானை அறிமுகம் செய்த 'சின்னச் சின்ன ஆசை' பாட்டில் மதுபாலா துள்ளித் திரியும் அருவிக் காட்சிகளில் ஒகேனக்கல் உண்டு. கதைப்படி அவள் சுந்தரபாண்டியபுரத்துப் பெண், அன்றைய திருநெல்வேலி மாவட்டம். வீட்டுக்கும் அருவிக்கும் இடையே நானூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு சரணத்துக்குள் அவள் அந்தத் தூரத்தைக் கடந்துவிடுகிறாள். யாரும் கேள்வி கேட்கவில்லை, நானும் பாட்டை ரசித்தவன்தான். பதினெட்டு வருஷம் கழித்து அதே மணிரத்னம் தமிழில் 'ராவணன்', இந்தியில் 'ராவண்' என்று இரண்டு படங்களை ஒரே நேரத்தில் எடுத்தபோது மறுபடி இங்கே வந்தார். உயரமான பாறையிலிருந்து ஆற்றில் பாயும் காட்சி. இந்தி நாயகனுக்குப் பதிலாகப் பாய்ந்தவர் பெங்களூரைச் சேர்ந்த நீர்ப்பாய்ச்சல் வீரர். தமிழில் காட்டுத்தலைவனாக இருந்த விக்ரம் இந்தியில் போலீஸ் அதிகாரியானார். பாறைக்கு மட்டும் எந்த மொழியிலும் வேஷம் மாறவில்லை, பெயரும் கிடைக்கவில்லை.

சினிமாவில் நிலத்துக்குக் குடியுரிமை கிடையாது என்பது உலக வழக்கம்தான். மார்ட்டின் ஸ்கார்செசி தலாய் லாமாவைப் பற்றி எடுத்த 'குந்தன்' படத்தின் திபெத், மொராக்கோவில் இருக்கிறது. ஜார்ஜ் லூகாஸ் 1977-இல் காட்டிய வேற்றுக்கிரகம் துனீசியாவில். ரிட்லி ஸ்காட்டின் 'தி மார்ஷியன்' காட்டிய செவ்வாய்க் கிரகம் வாடி ரம். 'ஆடுஜீவிதம்' படத்தின் சவூதிப் பாலைவனத்தை ஜோர்டானிலும் அல்ஜீரியாவிலும் எடுத்தார்கள். 2020 ஊரடங்கில் அந்தப் படக்குழு வாடி ரம்மிலேயே மாட்டிக்கொண்டு மே மாதக் கடைசியில்தான் கேரளம் திரும்ப முடிந்தது. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 'மேட் மேக்ஸ்: ஃபியூரி ரோட்' கதை. ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் வறண்ட பூமியில் எடுக்கத்தான் திட்டம். எதிர்பாராத மழை பெய்து பாலைநிலம் முழுக்கப் பூ பூத்துவிட்டது. பூவை வைத்துக்கொண்டு உலக அழிவைக் காட்ட முடியாது என்று மொத்தக் குழுவையும் நமீபியாவுக்கு மாற்றினார்கள். ஊருக்கு நல்லது நடந்தால் ஷூட்டிங் கெட்டுப்போகும் தொழில் இது.

ஒகேனக்கலிலும் தண்ணீர்தான் கால்ஷீட் கொடுக்கிறது. கர்நாடக அணைகளில் திறந்துவிடும் நீர் தமிழ்நாட்டுக்குள் வருவதை மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கிறது. அந்த எண் கூடினால் முதலில் பரிசல் நிற்கும், அப்புறம் குளிக்கத் தடை வரும். 2019, 2022 ஆகஸ்ட் மாதங்களில் 2 லட்சம் கன அடிக்கு மேல் வந்தபோது அருவி என்று ஒன்றே கண்ணுக்குத் தெரியவில்லை. பாறையெல்லாம் மூழ்கி, பழுப்புத் தண்ணீர் ஒரே சமதளமாக ஓடியது. மே மாதத்திலோ எலும்புக்கூடு மாதிரி பாறை மட்டும். இரண்டுக்கும் நடுவில், நுரையும் வேண்டும் பாறையும் தெரிய வேண்டும் என்கிற அந்தச் சில வாரங்களைத்தான் கேமரா தேடுகிறது. பரிசல்காரர்களுக்கும் பிழைப்பு அதே வாரங்களில்தான். "ஷூட்டிங்னா நாள் வாடகைக்குப் பரிசலைக் குடுத்துருவோம் சார். தூக்கறது, புடிக்கறது எல்லாம் நாங்கதான். படத்துல மட்டும் வரமாட்டோம்" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

அந்தச் சிரிப்பு எனக்குப் பாலைவன நாடுகள் இதே விஷயத்தில் என்ன செய்தன என்பதை நினைவூட்டியது. மொராக்கோவின் வார்சாசாத்தில் 1983-லேயே அட்லஸ் ஸ்டுடியோ வந்துவிட்டது. அருகிலுள்ள ஐத் பென்ஹத்து மண்கோட்டை யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது, 'கிளாடியேட்டர்' படத்திலும் இருக்கிறது. பார்க்க வருபவர்கள் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள். ஜோர்டான் 2003-இல் அரச திரைப்பட ஆணையம் ஒன்றை அமைத்தது. வாடி ரம்மில் ஜீப் ஓட்டும் பெதூயின்கள், லாரன்ஸ் இங்கே நின்றார், மார்ஷியன் அங்கே நடந்தான் என்று சொல்லியே சுற்றிக் காட்டுகிறார்கள். செவ்வாய்க் கூடாரம் என்று பெயர் வைத்து இரவு தங்க வாடகைக்கும் விடுகிறார்கள். இது எல்லாம் வியாபாரம், அதில் கொஞ்சம் கோமாளித்தனமும் உண்டு. ஆனால் அங்கே இன்னொன்றும் நடந்தது. நாஜி அபு நவார் என்ற ஜோர்டானிய இயக்குநர் 2014-இல் 'தீப்' என்ற படத்தை எடுத்தார். முதல் உலகப்போர்க் காலம், அதே வாடி ரம் வட்டாரம், ஆனால் நாயகன் லாரன்ஸ் அல்ல, ஒரு பெதூயின் சிறுவன். நடித்தவர்களில் பெரும்பாலோர் அங்கேயே வாழும் பெதூயின்கள், முன்பின் நடிப்பறியாதவர்கள். வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கர் இறுதிப்பட்டியல்வரை அது போனது. அரை நூற்றாண்டாக அடுத்தவன் கதைக்குப் பின்திரையாக நின்ற பாறை, தன் ஆட்களின் கதையைத் தானே சொன்னது.

தருமபுரியின் கதைகளுக்குப் பஞ்சமா? பரிசலிலிருந்து எதிர்க்கரையைக் காட்டினால் அது கர்நாடகம். அந்தப் பக்கத்துக் காட்டில்தான் வீரப்பன் பிறந்த கோபிநத்தம். 2000 ஜூலை 30 அன்று கன்னட நடிகர் ராஜ்குமாரை ஈரோடு மாவட்டத்துத் தாளவாடிப் பக்கத்துப் பண்ணை வீட்டிலிருந்து அவன் கடத்திப்போய் 108 நாள் வைத்திருந்தபோது, இரண்டு மாநிலமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றன. கடைசியில் 2004 அக்டோபர் 18 இரவு அவன் சுடப்பட்டது இதே மாவட்டத்தில், பாப்பாரப்பட்டி அருகே பாடியில். 'நரன்' திரைக்கு வந்தது அதற்கடுத்த வருஷம். 2023-இல் நெட்ஃபிளிக்ஸும் ஜீ5-உம் அவனைப் பற்றித் தனித்தனியே ஆவணத் தொடர்கள் வெளியிட்டன. துப்பாக்கி இருக்கும் கதை என்றால் கேமரா தானாகத் தேடி வருகிறது.

துப்பாக்கி எதிர்ப்பக்கம் இருந்த கதையும் இங்கே உண்டு. 1992 ஜூன் 20 அன்று, அரூர் பக்கம் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில், சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். பதினெட்டுப் பழங்குடிப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், ஊரே சூறையாடப்பட்டது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று தருமபுரி நீதிமன்றம் சொல்ல 2011 ஆனது. அதற்குள் அவர்களில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். 'ரோஜா' வெளியானது அதே 1992-இன் ஆகஸ்ட் 15. ஒரே மாவட்டத்தின் ஒரு மூலை அந்த ஆகஸ்டில் தமிழ்நாடு முழுக்கத் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு மூலையில் ஒரு கிராமமே வீடிழந்து கிடந்தது. மணிரத்னத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தேதிகள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தபின் பாட்டை முன்பு கேட்டதுபோல் கேட்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நியாயத்துக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சினிமா உலகம் ஒகேனக்கலின் பெயரை ஒரே ஒருமுறை உரக்கச் சொன்னது, அதுவும் படத்துக்காக அல்ல. இந்த மாவட்டத்தின் ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளூரைடு அதிகம். அருவியின் இரைச்சலுக்குப் பக்கத்து ஊர்களிலேயே குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை, பெரியவர்களுக்கு எலும்பு வலி. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு, 1,928 கோடி ரூபாய் மதிப்பில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். 2008-இல் கர்நாடகத்தில் அதற்கு எதிர்ப்பு கிளம்பியபோது, ஏப்ரல் 4 அன்று சென்னையில் தமிழ்த் திரையுலகம் ஒட்டுமொத்தமாக உண்ணாவிரதம் இருந்தது. அன்றைக்குப் பேசிய பேச்சு ரஜினிகாந்துக்கு 'குசேலன்' வெளியாகும் நேரத்தில் கர்நாடகத்தில் சிக்கலாகி, அவர் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது தனிக்கதை. திட்டம் நிறைவேறி 2013-இல் குழாயில் தண்ணீர் வந்தது. பென்னாகரத்து டீக்கடையில் நான் குடித்ததும் அந்தத் தண்ணீராகத்தான் இருக்க வேண்டும்.

பரிசல் திரும்பும்போது நடு ஆற்றில் இன்னொரு பரிசல் ஒட்டி வந்தது. கூல்டிரிங்க்ஸ், முறுக்கு, வெள்ளரிக்காய், மிளகாய்ப்பொடி. மிதக்கும் பெட்டிக்கடை. கரையில் மீன் விற்கும் இடத்தில் கட்லாவை எடுத்து எடை போட்டுக் கொடுத்துவிட்டால், அடுத்து நிற்கும் அக்கா கழுவி, மசாலா பூசி, விறகடுப்புச் சட்டியில் போட்டுவிடுகிறார். எண்ணெய் மசாஜ்காரர்கள் பாட்டிலைக் குலுக்கிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். மீன் வறுத்த அக்காவிடம் சினிமாக்காரர்கள் சாப்பிட்டதுண்டா என்றேன். "ஏன் இல்ல? பெரிய ஆளுங்க வண்டிய விட்டு எறங்க மாட்டாங்க. லைட்டு புடிக்கற பசங்க வந்து வயிறாரத் தின்னுட்டுப் போவாங்க. அவங்கதான் காசும் ஒழுங்காக் குடுப்பாங்க" என்றார். மசாலாவில் புளி தூக்கலாக இருந்தது. மாவட்டத்தின் கையெழுத்து.

ஜோர்டான் மாதிரி பிலிம் கமிஷன் அமைத்து இங்கே கூடாரம் போட்டு வாடகைக்கு விடுங்கள் என்று நான் கேட்க மாட்டேன். கிருஷ்ணகிரி, தருமபுரி வனப்பகுதிகளைச் சேர்த்து 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். ஆற்றில் முதலைக்கும் நீர்நாய்க்கும், காட்டில் யானைக்கும் நம்மைவிட முந்தைய பட்டா. நூறு பேர் கொண்ட படக்குழு ஜெனரேட்டரோடு வந்து இறங்காமல் இருப்பதே பல இடங்களுக்கு நல்லது. நான் கேட்பது செலவில்லாதது. எடுத்த படத்தின் டைட்டிலில், நன்றி பட்டியலில் ஹோட்டல்காரர்களுக்கும் கேரவன் கம்பெனிக்கும் நடுவே, 'படப்பிடிப்பு: ஒகேனக்கல், தருமபுரி மாவட்டம்' என்று ஒரு வரி. பரிசல் தூக்கியவர்களின் பெயர்கள் அடுத்த வரியில். தருமபுரிப் பிள்ளைகளில் எவராவது கேமராவைக் கையில் எடுத்தால், முதல் படத்துக்கு வேறு எங்கும் லொகேஷன் பார்க்கப் போகாமல் இருந்தால் அதைவிட நல்லது.

போக நினைக்கிறவர்களுக்கு: பெங்களூர்ப் பக்கமிருந்து வருபவர்கள் ஓசூர், அஞ்செட்டி வழியாகக் காட்டுப்பாதையில் இறங்கலாம், மற்றவர்களுக்குத் தருமபுரி, பென்னாகரம். மழைக்காலம் முடிந்து வெள்ளம் வடிந்த மாதங்களில் நுரை, பாறை இரண்டும் கிடைக்கும். கிளம்பும் அன்று காலையில் பேப்பரில் பிலிகுண்டுலு நீரளவைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். தண்ணீர் கூடினால் பரிசல் கிடையாது.